ஏனம், செம்பு, டேக்சா: அடுப்படிப் பெயர்களின் வேரும் வழியும்

முதலியார்பேட்டையில் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ சமையல் சாமான் வாடகைக்கு எடுக்கப் போகிறவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். அண்டா, குண்டான், டேக்சா, தவலை, கொப்பரை, தாம்பாளம், தவா, ஜல்லிக்கரண்டி, பேசின், ஜக்கு, தம்ளர், சொம்பு. சமையல்காரர் சொல்லச் சொல்ல வீட்டில் யாராவது எழுதியிருப்பார்கள். எழுதியவருக்கும், வாசித்து எடுத்துவைக்கும் கடைப் பையனுக்கும் இதில் ஒரு சொல்கூட அயலாகப் படாது. ஆனால் ஒவ்வொன்றின் பிறப்பையும் தேடிப் போனால் தமிழ், வடமொழி, பாரசீகம், உருது, ஆங்கிலம் எனப் பல ஊர் வாசல்களில் போய் நிற்க வேண்டிவரும்.

இந்தப் பெயர்களைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. எங்கிருந்து வந்தன? இங்கே வந்தபின் எந்தப் பொருளில் நிலைத்தன? சொல்லாராய்ச்சி செய்பவர்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். பாத்திரப் பெயர்களில் அது செல்லாது. வேர், அந்தப் பாத்திரம் எந்தச் சந்தை வழியாக வீட்டுக்கு வந்தது என்பதைக் காட்டுகிறது. பொருளோ, வீடு அதை என்ன செய்தது என்பதைக் காட்டுகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

மொத்தத்துக்கும் ஒரு பெயர்

அடுப்படியில் இருப்பவை அனைத்தையும் சேர்த்துச் சொல்ல நமக்கு ஒரு சொல் போதவில்லை. பாத்திரம் என்கிறோம், சாமான் என்கிறோம், பண்டபாத்திரம், தட்டுமுட்டுச் சாமான் என்கிறோம். நடுநாட்டுக் கிராமங்களிலும், தென்மாவட்டங்களிலும், தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் ஏனம் என்றொரு சொல் உண்டு. "ஏனத்தைக் கழுவி வை" என்றால் சோறாக்கிய பானை முதல் சாப்பிட்ட தட்டுவரை எல்லாம் அடக்கம்.

ஏனம் என்பதற்கு அகராதிகள் பாத்திரம் என்றும் பன்றி என்றும் இரு பொருள் தருகின்றன. பன்றி என்ற பொருள் பக்தி இலக்கியத்தில் அடிக்கடி வரும். திருமாலின் வராக அவதாரத்தைச் சொல்லும் இடங்களில் அதைக் காணலாம். பாத்திரம் என்ற பொருளோ ஏட்டைவிட வாயில்தான் அதிகம் வாழ்கிறது. ஓசை ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே வேரில் கட்டப் பார்ப்பது வீண்வேலை. அப்படிக் கட்டத் தொடங்கினால் புதுச்சேரிக்காரர்கள் ஏனாம் என்று சொல்லும் கோதாவரிக் கரை ஊரையும் பாத்திரக் கடையில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கும். ஓசை ஒத்திருப்பது விசாரணையைத் தொடங்கப் போதும். தீர்ப்பு எழுதப் போதாது.

பாத்திரம் வடசொல். 'பா' என்றால் குடித்தல். 'த்ர' கருவியைக் குறிக்கும் ஈறு. ஆக, அது முதலில் குடிகலம். பிறகு எல்லாக் கலத்துக்கும் விரிந்தது. அதோடு நிற்கவுமில்லை. நாடகத்தில் வேடம் ஏற்பவர் பாத்திரம். அன்புக்குரியவர் அன்புக்குப் பாத்திரமானவர். 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்ற பழமொழியில் பாத்திரம் என்பது வாங்குபவரின் தகுதி. கொள்வது எதுவோ அது பாத்திரம் என்ற கருத்து இவை எல்லாவற்றிலும் ஓடுகிறது.

சாமான் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. அங்கே பொதுவாகப் பொருள், தளவாடம் என்று அர்த்தம். இங்கே "சாமான் தேய்க்கணும்" என்றால் மளிகைச் சாமானையோ வீட்டுச் சாமானையோ யாரும் நினைப்பதில்லை. 'தேய்க்க' என்ற வினை பக்கத்தில் வந்தவுடன் பொருள் சுருங்கிப் பாத்திரமாகிவிடுகிறது.

பழந்தமிழின் சொல் கலம். அது பாத்திரத்தையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும். அணிகலன், படைக்கலன் என்று நகைக்கும் ஆயுதத்துக்கும் போகும். நெல் அளக்கும் அளவாகவும் நிற்கும். பாத்திரமும் கப்பலும் ஒரே சொல்லில் சேர்வது தமிழின் தனி விசித்திரமும் இல்லை. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் மொழியில் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு 'வெசேல்' என்று பெயர், கப்பலுக்கு 'வெசோ'. இரண்டும் சிறுகலம் என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். நீரை உள்ளே வைத்திருப்பதும், நீரை உள்ளே விடாமல் மிதப்பதும் ஒரே குழிந்த வடிவத்தின் இரண்டு வேலைகள் என்பதை இரு மொழிகளும் தனித்தனியே கண்டிருக்கின்றன.

மண் போனது, சட்டி நின்றது

முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் சில கிலோமீட்டரில் அரியாங்குப்பம். அங்கே ஆற்றோரத்தில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தார்கள். கிடைத்தவற்றில் பெரும்பங்கு மண்பாண்ட ஓடுகள்தான். உள்ளூர்ப் பானைகளின் ஓடுகளோடு, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் சுமந்து வந்த ஆம்போராச் சாடிகளின் துண்டுகளும், தமிழ்-பிராமி எழுத்துக் கீறிய ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்ற கிரேக்கப் பெயருக்கு 'இருபுறமும் தூக்குவது' என்று பொருள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருப்பதால் வந்த பெயர். நம்மூர்த் தூக்குவாளியும் அதே முறையில் பெயர் பெற்றது. எடுத்துச் செல்லும் விதமே பெயரானது.

மண்ணில் வனைந்தவற்றுக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை: பானை, சட்டி, குடம், கலயம், மிடா, சாடி, தாழி, குழிசி. இவற்றில் பல வடிவத்தையும் வாயகலத்தையும் வைத்து வேறுபடுபவை. வாய் குறுகி வயிறு பெருத்தால் பானை. வாய் அகன்றால் சட்டி. இவற்றில் குழிசி வழக்கிழந்தது, தாழி அருங்காட்சியகத்துக்குப் போனது, மிடா சில ஊர்களில் மட்டும் மிஞ்சியது.

சட்டிதான் பிழைத்தது. மண் போய் இரும்பு வந்தபோது இரும்புச்சட்டி ஆனது. எண்ணெய்ச்சட்டி, இட்லிச்சட்டி, தூக்குச்சட்டி, கோயிலில் தீச்சட்டி. கைப்பிடி வைத்து ஒட்டாத பூச்சுப் பூசிய இன்றைய வாணலியையும் பல வீடுகளில் சட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலேயர்களும் இந்தச் சொல்லைத் தங்கள் இந்திய ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் சட்டிக்குத் தனி இடம் உண்டு. பெயர் வடிவத்தைப் பற்றி நின்றதால் செய்பொருள் மாறியும் அழியவில்லை.

குண்டான் கதை சற்றுச் சிக்கலானது. குண்டு என்பதற்கு உருண்டை, ஆழம் என்ற பொருள்கள் தமிழில் பழையவை. வடமொழியில் 'குண்ட' என்பது குழியையும் கலத்தையும் குறிக்கும். அங்கிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து அங்கு போனதா என்பதில் இரு கட்சி உண்டு. திராவிட மூலம் காட்டுவோர் பக்கம் வலுவான ஆட்கள் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், வடதமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சோறு வடிக்கும் ஏனத்துக்குக் குண்டான் என்று பெயர் வைத்தது இந்த வட்டாரத்தின் முடிவு. கொங்குநாட்டில் அந்த இடத்தில் போசி நிற்கும். போசிக்கும், வேறு சில இடங்களில் வழங்கும் போகணிக்கும் கன்னடத்தில் உறவுண்டு.

பாண்டமும் அண்டாவும் இன்னொரு வகை. வடமொழியின் 'பாண்ட' நேராகத் தமிழுக்கு வந்து பாண்டம் ஆனது. பண்டமும் அதன் கிளையே. அதே சொல் வடக்கே பேச்சில் தேய்ந்து ஹண்டா, ஹாண்டி என்றாகி, உருது வழியாகத் தெற்கே இறங்கி அண்டா ஆனது என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஆக, ஒரே மூதாதை இருவேறு காலத்தில் இருவேறு வாசல்களில் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. பாண்டம் மண்ணோடு நின்றது. அண்டா பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் போனது.

உலோகமே பெயராகும்போது

செம்பு என்ற உலோகத்தில் செய்த சிறு நீர்க்கலம் செம்பு. பேச்சில் சொம்பு. இதுவரை சிக்கலில்லை. பித்தளைச் செம்பு, வெள்ளிச் செம்பு, எவர்சில்வர் செம்பு, பிளாஸ்டிக் செம்பு என்று சொல்லும்போது உலோகம் உதிர்ந்து வடிவம் மட்டும் நிற்கிறது. பிளாஸ்டிக்கால் ஆனது எப்படிச் செம்பாகும் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் சொல்லைச் சோதிக்கப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியே போதும். ஏனாமின் தெலுங்கில் செம்பு நம்முடைய நீர்ச்செம்புதான். மாஹேயின் மலையாளத்தில் 'செம்ப்' என்றால் பிரியாணியும் பாயசமும் ஆக்கும் பெருங்கலம். ஒரே நிர்வாகம், ஒரே வேர். ஒரு பக்கம் கையில் அடங்கும், மறுபக்கம் நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். வேரை மட்டும் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

இதே நடத்தை ஐரோப்பாவின் தென்கிழக்கிலும் உண்டு. பல்கேரியக் கிராமங்களில் தண்ணீர் சுமக்கும் செப்புக் குடங்களுக்குப் 'பக்கர்', சிறியதானால் 'பக்கர்ச்சே' என்று பெயர். 'பக்கர்' துருக்கியில் செம்பைக் குறிக்கும் சொல். பழைய ஸ்லாவியச் செம்புச் சொல்லான 'மெத்' என்பதிலிருந்து 'மெத்னிக்' என்ற கலப்பெயரும் அங்கே உண்டு. உலோகம் கலத்துக்குப் பெயர் கொடுக்கும் பழக்கம் அங்கே இரண்டு முறை, இரண்டு மொழிகளில் நடந்திருக்கிறது.

ஈயம் இதைவிடக் குழப்பமானது. பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவது வெள்ளீயம். புளிப்பான குழம்பு பித்தளையோடு சேர்ந்து களிம்பேறாமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு. ஈயம் பூசுகிறவர் தெருவில் துருத்தி வைத்து ஊதி, நவச்சாரம் தூவிப் பூசுவார். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே. ஆனால் ஈயம் என்றால் காரீயமும்தான். அது உடம்புக்கு நஞ்சு. 1898 வாக்கில் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் அடிக்கும் தொழிலைத் தொடங்கிவைத்தார். 1900இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி சென்னையில் உருவானது. விலை மலிவு, எடை குறைவு. இந்தப் புது உலோகத்துக்கு மக்கள் தேடிய பெயர்? ஈயம். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் விற்றவர் கூவிய ஈயத்தில் பெரும்பங்கு நசுங்கிய அலுமினியம்தான். ஆக ஒரு சொல்லுக்குள் மூன்று உலோகங்கள் இருக்கின்றன. ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கப் போகிறவருக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் சங்கதியாக இருக்க முடியாது.

எதிர்த்திசையிலும் பெயர்கள் நகர்ந்திருக்கின்றன. பாரசீகத்தில் 'பிங்கான்' ஒரு கிண்ணத்தின் பெயர். தமிழுக்கு வந்து பீங்கான் ஆனபோது அது ஒரு கலத்தின் பெயராக நிற்கவில்லை. அந்தக் கலம் செய்த பொருளின் பெயரானது. பீங்கான் தட்டு, பீங்கான் ஜாடி, மின்கம்பத்தில் பீங்கான் என்கிறோம். யாழ்ப்பாணத்தில் சாப்பிடும் தட்டையே பீங்கான் என்பார்கள். அங்கே பழைய பொருளின் வாசனை இன்னும் இருக்கிறது. வெண்கலத்தையும் பிரித்துப் பார்த்தால் வெண்மை, கலம் என்று வரும். செம்பில் உலோகம் கலமானது. பீங்கானில் கலம் பொருளானது.

ஒரே சந்தையின் இரு முனைகள்

பீங்கானின் பயணம் மேற்கிலும் தொடர்ந்தது. பாரசீகப் பிங்கான் அரபியில் 'ஃபின்ஜான்' ஆகி, துருக்கிக்குப் போய், அங்கிருந்து பல்கேரியாவில் 'ஃபில்ஜான்' என்ற காப்பிக் கோப்பையானது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1878வரை பல்கேரியா உதுமானியர் ஆட்சியில் இருந்தது. ஆட்சியோடு சமையலும், சமையலோடு ஏனங்களும், ஏனங்களோடு பெயர்களும் போயின.

தவாவும் அப்படியே. பாரசீகத்தில் 'தாவா' வறுக்கும் தட்டு, துருக்கியில் 'தவா', பல்கேரியத்திலும் 'தவா'தான். அங்கே அடுப்புக்குள் வைத்துச் சுடும் தட்டையும் அது குறிக்கும். இந்தி 'தவா' பாரசீகத்திலிருந்து வந்தது என்போரும், வெப்பத்தைக் குறிக்கும் வடமொழி 'தப்' என்ற வேரிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்போரும் உண்டு. இரண்டு மொழிகளும் தொலைவில் ஒரே குடும்பம் என்பதால் இந்த வழக்கு ஒரு தரப்பில் முடியாமல் நிற்பதில் வியப்பில்லை. தமிழுக்குத் தவா வந்தபோது இங்கே தோசைக்கல் ஏற்கெனவே இருந்தது. அதனால் தவா தோசையின் இடத்தைப் பிடிக்கவில்லை. சப்பாத்திக்கும் பரோட்டாக்கடைக்கும் போய்விட்டது. வந்த சொல் காலியாக இருந்த இடத்தைத்தான் பிடிக்கும்.

சஹன் மூன்றாவது சாட்சி. அரபியில் தட்டு என்று பொருள். துருக்கி வழியாகப் பல்கேரியாவில் 'சஹான்' ஆகிச் செப்புத் தட்டைக் குறித்தது. இந்தப் பக்கம் நேரே கடல் வழியாகத் தமிழ் முஸ்லிம் ஊர்களுக்கு வந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் விருந்தில் சிலர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெருந்தட்டில் சாப்பிடுவது சஹன் சாப்பாடு. இலங்கையில் சவன் என்பார்கள். சொல்லின் மூலம் தட்டுதான். இங்கே அது ஓர் உறவுமுறையையே குறிக்கும்: யாரோடு யார் ஒரு சஹனில் உட்காரலாம் என்பது.

டேக்சாவும் கூஜாவும் இதே வரிசை. பாரசீகத்தில் 'தேக்' பெரிய சமையல் கலம். 'சா' சிறுமை ஈறு. எனவே தேக்சா 'சிறுகொப்பரை'. தமிழ்நாட்டில் பிரியாணி மாஸ்டர் ஐம்பது கிலோ டேக்சா என்று சொல்லும்போது அந்தச் சிறுமை ஈறு எங்கே போனது? மறைந்துவிட்டது. 'கூஸா' பாரசீகத்தில் மண்குடுவை. இந்தி வழியாகக் கூஜாவாகி, தமிழில் ரயில் பயணத்துக்கு மூடியும் பிடியும் வைத்த வெள்ளி, பித்தளைக் கலமானது. பின்னர் பெரிய மனிதரின் கூஜாவைச் சுமந்து பின்னால் நடப்பவர் 'கூஜா தூக்கி' ஆனார். பாரசீகத்தில் இல்லாத இந்தப் பொருள் முழுக்க நம் சொந்தச் சரக்கு.

கப்பலில் வந்தவை, வராதவை

போர்த்துக்கீசியர் மேசை, சாவி, ஜன்னல், அலமாரி என்று வீட்டுக்குள் நிறைய வைத்துவிட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் வாணலிக்கு வழங்கும் தாச்சி என்ற பெயரைப் போர்த்துக்கீசிய 'தாஷோ'வோடு ஒப்பிடுவார்கள். கோப்பைக்கும் ஐரோப்பிய மூலம் காட்டுவார்கள். ஆனால் தமிழ்நாட்டில் கோப்பையில் தேநீர் குடிக்கிறோம், யாழ்ப்பாணத்தில் கோப்பையில் சோறு சாப்பிடுகிறார்கள், தேநீரைப் பேணியில் குடிக்கிறார்கள். ஆங்கிலம் தம்ளர், பேசின், ஜக்கு, குக்கர், கேரியர் என்று ஆலை உற்பத்தியோடு வந்தது. துருவேறா எஃகுக்கு நாம் எவர்சில்வர் என்றும், சுருக்கமாகச் சில்வர் என்றும் பெயரிட்டோம். உண்மை வெள்ளி, வெள்ளியாகவே இருந்ததால் சண்டை வரவில்லை.

புதுச்சேரிக்கு உரிய கேள்வி இதற்கப்பால் இருக்கிறது. 1954வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊரில் பிரெஞ்சுப் பாத்திரப் பெயர் ஏன் அடுப்படியில் தங்கவில்லை? இங்கே தமிழில் தங்கிய பிரெஞ்சுச் சொற்களாக எனக்குத் தெரிந்தவை பெரும்பாலும் அலுவலகம், சட்டம், பட்டாளம் சார்ந்தவை: நகராட்சிக் கட்டடம் மேரி, பத்திரம் பதிபவர் நொத்தேர், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர் சொல்தா. அரசோடு பேசும் இடத்தில் அரசின் சொல் வந்தது. பாத்திரமோ அரசிடம் வாங்குவதில்லை. பெரிய மார்க்கெட்டில் வாங்கினார்கள். அங்கே விற்றது தெலுங்கு, உருது பேசும் வணிகரும் பாத்திரம் செய்யும் தமிழ்க் கன்னாரும். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலைக்கு வேலைக்குப் போனவர்கள் சாப்பாட்டை எடுத்துச் சென்றது தூக்கிலும் கேரியரிலும். ஆலையின் பெயரிலேயே ஆங்கிலமும் பிரெஞ்சும் இருந்தன; கையில் இருந்த தூக்குக்குத் தமிழ்ப் பெயர் போதுமாக இருந்தது. ஆட்சியைவிடச் சந்தைதான் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அகராதிகள் விட்ட இடம்

தமிழ் அகராதிக்கலையில் புதுச்சேரிக்குப் பங்கு பெரிது. முசே, துப்புய் என்ற இரண்டு பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி இங்குள்ள மிஷன் அச்சகத்தில் 1855 முதல் வெளிவந்தது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வந்தது. அது பல அயற்சொற்களுக்கு மூலமொழியைக் குறித்தது. 1982இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தந்து, வட்டாரச் சொல்லுக்கும் அகராதியில் நாற்காலி உண்டு என்று காட்டினார். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 2021இல் மறையும்வரை இந்த ஊரிலேயே வாழ்ந்தார். கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி செய்தார்.

இவை எல்லாம் இருந்தும் பாத்திரப் பெயர்கள் முழுமையாகப் பதிவாகவில்லை. அகராதி 'ஒருவகைப் பாத்திரம்' என்று எழுதி நகர்ந்துவிடும். எந்த வகை? எத்தனை படி பிடிக்கும்? வாய் அகலமா, குறுகலா? எந்த உலோகம்? அதில் சோறு வடிப்பார்களா, பால் காய்ச்சுவார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் பெண்களும் சமையல்காரர்களும் கன்னாரும். அகராதி செய்தவர்கள் பாதிரியார்களும் புலவர்களும் பேராசிரியர்களும். செம்பு மாஹேயில் கொப்பரை, புதுவையில் கைக்கலம் என்பதை அளவு சொல்லாத அகராதி எப்படிக் காட்டும்?

தேடுவதற்கு மூலங்கள் இருக்கின்றன. வாடகைப் பாத்திரக் கடைகளின் பழைய கணக்கு நோட்டில் பெயரும் அளவும் எண்ணிக்கையும் சேர்ந்தே இருக்கும். கல்யாண வீட்டுச் சீர்வரிசைப் பட்டியலில் பெயரும் உலோகமும் எடையும் இருக்கும். தாயின் பட்டியலையும் மகளின் பட்டியலையும் அடுத்தடுத்து வைத்தால் எந்தப் பெயர் செத்தது, எது பிறந்தது என்று தெரிந்துவிடும். பாத்திரத்திலேயே வெட்டிய பெயரும் தேதியும் மூன்றாவது ஆவணம். பரணில் இருக்கும் தவலையைக் கவிழ்த்துப் பார்த்தால் யாருக்கு, எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று வெட்டியிருக்கும். ஆண்டு தெரிந்த ஒரு பொருளோடு அதன் வழக்குப் பெயரும் கிடைப்பது சொல்லாராய்ச்சியில் அரிது.

ஆகவே இந்தப் பெயர்களைத் தொகுக்க முன்வருபவர் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் பாத்திரத்தை அளக்கட்டும், உலோகத்தை எழுதட்டும், அதில் என்ன ஆக்குவார்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்கட்டும், பக்கத்து ஊரில் அதே பெயர் எதைக் குறிக்கிறது என்று பார்க்கட்டும். வேர்ச்சொல் கடைசியில் வரட்டும். பாரசீகமா வடமொழியா திராவிடமா என்ற வாதம் அப்போதும் நடக்கும். ஆனால் எந்த ஏனத்தைப் பற்றி வாதிடுகிறோம் என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.